கேண்டிட் தேடல்: பள்ளி நூலகத்துக்கு நிதி தேடுவோருக்கு எவ்வளவு பயன்?

அமெரிக்க அறக்கட்டளைகள் யாருக்கு, எதற்காக, எவ்வளவு கொடுத்தன என்ற விவரங்களைத் திரட்டி, தேடிப் பார்க்கத் தரும் சேவை கேண்டிட். 1956-இல் தொடங்கிய ஃபவுண்டேஷன் சென்டரும், லாப நோக்கற்ற அமைப்புகளின் கணக்குகளை இணையத்தில் வெளியிட்டுவந்த கைட்ஸ்டாரும் 2019-இல் ஒன்றாகி உருவான அமைப்பு இது. இதன் அறக்கட்டளைத் தேடலைப் பலரும் ஃபவுண்டேஷன் டைரக்டரி என்ற பழைய பெயரால்தான் அறிவார்கள். பள்ளி நூலகத்துக்குப் புத்தகமோ அலமாரியோ வாங்கப் பணம் தேடும் ஆசிரியர், நூலகர், பெற்றோர் சங்கத்தினர் ஆகியோரை மனத்தில் வைத்து எழுதப்பட்ட மதிப்புரை இது. இதே சேவை பல்கலைக்கழகத்துக்கோ மருத்துவமனைக்கோ வேறு விதமாகப் பயன்படலாம்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். பொது நூலகம் ஒன்றில் இலவசமாகப் பயன்படுத்த வாய்ப்பிருந்தால் கட்டாயம் பயன்படுத்துங்கள். ஒரே ஒரு பள்ளிக்காக ஆண்டுச் சந்தா கட்ட வேண்டாம். சந்தாவே இல்லாமலும் இதே விவரங்களில் பெரும்பகுதியைப் பெற வழி இருக்கிறது. அதைக் கீழே விளக்குகிறோம். இந்தச் சேவையால் ஒரு பள்ளிக்குக் கிடைக்கும் பெரிய லாபம், தரமாட்டாத அறக்கட்டளைகளைச் சீக்கிரம் கழித்துவிட முடிவதுதான். நூலகரின் நேரம் குறைவு. பத்து இடங்களுக்கு அரைகுறையாக விண்ணப்பிப்பதைவிட, பொருந்தும் மூன்று இடங்களுக்கு முழுமையாக விண்ணப்பிப்பது பலன் தரும்.

தகவல் எங்கிருந்து வருகிறது

கேண்டிட் தகவலின் அடித்தளம் 990-பி.எஃப். என்ற வரிப் படிவம். அமெரிக்காவின் தனியார் அறக்கட்டளை ஒவ்வொன்றும் ஆண்டுதோறும் வருமான வரித் துறைக்குத் தாக்கல் செய்ய வேண்டிய இந்தப் படிவம் பொது ஆவணம்; யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். கேண்டிட் இதைப் படித்து, பொருள்வாரியாக வகைப்படுத்தி, அறக்கட்டளைகள் தாமே அனுப்பும் தகவலையும் இணையதளங்களில் உள்ளதையும் சேர்த்துத் தருகிறது. அதாவது நீங்கள் பணம் கொடுப்பது தகவலுக்கு அல்ல, வகைப்படுத்தலுக்கும் தேடல் வசதிக்கும்தான். இது புரிந்துவிட்டால் எங்கே இந்தச் சேவையை நம்பலாம், எங்கே நம்பக் கூடாது என்பதும் புரிந்துவிடும்.

படிவத்தில் பள்ளிக்கு முக்கியமான இடங்கள் மூன்று.

முதல் பக்கத்திலேயே அறக்கட்டளையின் சொத்துகளின் சந்தை மதிப்பு இருக்கும். தனியார் அறக்கட்டளைகள் முதலீட்டுச் சொத்தின் மதிப்பில் சுமார் 5 சதவீதத்தை ஆண்டுதோறும் அறப்பணிக்குச் செலவிட வேண்டும் என்பது அமெரிக்கச் சட்டம். சொத்து 20 லட்சம் டாலர் என்றால் ஆண்டுக்கு ஏறக்குறைய ஒரு லட்சம் டாலர் வெளியே வந்தாக வேண்டும். அந்த ஒரு லட்சம் ஏற்கெனவே பதினைந்து அமைப்புகளுக்கு ஆண்டு தவறாமல் போகிறது என்று பட்டியல் காட்டினால், உங்களுக்கு மிஞ்சும் இடம் மிகச் சிறியது. இருபதாயிரம் டாலர் கேட்டு எழுதும் விண்ணப்பம் அங்கே எடுபடாது.

இரண்டாவது, துணைத் தகவல்கள் என்ற பகுதி. படிவம் எந்த ஆண்டுக்குரியது என்பதைப் பொறுத்து இதன் எண் 14 அல்லது 15 என்றிருக்கும். விண்ணப்பத்தை யாருக்கு அனுப்ப வேண்டும், எந்த வடிவத்தில், கடைசித் தேதி என்ன, எந்த ஊர்களுக்கு அல்லது எந்தத் துறைகளுக்கு மட்டும் தருவார்கள் என்ற நான்கு கேள்விகளுக்கும் பதில் இங்கே இருக்கும். இவற்றுக்கு மேலே ஒரு சிறிய கட்டம் உண்டு. தாங்களே முன்கூட்டித் தேர்ந்தெடுத்த அமைப்புகளுக்கு மட்டும் தருகிறோம், அழைக்காமல் வரும் விண்ணப்பங்களை ஏற்பதில்லை என்றால் அதில் குறியிடுவார்கள். பள்ளிகளின் உழைப்பு அதிகம் வீணாவது இந்தக் கட்டத்தைப் பார்க்காமல் விடுவதால்தான். இத்தகைய அறக்கட்டளைகளை கேண்டிட் தேடலில் முன்கூட்டியே விலக்கலாம். எடுத்த எடுப்பில் செய்ய வேண்டியது அதுதான். விலக்கியபின் பட்டியல் வெகுவாகச் சுருங்கும். சுருங்குவது நல்லது.

மூன்றாவது, அந்த ஆண்டில் கொடுத்த நிதியுதவிகளின் முழுப் பட்டியல்: பெற்றவர் பெயர், முகவரி, அமைப்பின் தன்மை, நோக்கம், தொகை. அறக்கட்டளையின் இணையதளம் எதை விரும்பிச் சொல்கிறதோ அதைச் சொல்லும். இந்தப் பட்டியல் நடந்ததைச் சொல்லும். "கல்வியை ஆதரிக்கிறோம்" என்று தளத்தில் எழுதியிருக்கும். பட்டியலைப் பார்த்தால் மூன்று தனியார் கல்லூரிகளுக்கு மட்டுமே ஆண்டுதோறும் போயிருக்கும். எழுத்துக்கும் பட்டியலுக்கும் முரண் வந்தால் பட்டியலையே நம்புங்கள். ஒரே ஆண்டைப் பார்த்து முடிவுகட்டாமல், தொடர்ந்து மூன்று ஆண்டுகளின் படிவங்களையாவது பாருங்கள். புதிதாக எத்தனை பெயர்கள் சேர்கின்றன என்பதே புதியவருக்குக் கதவு திறந்திருக்கிறதா என்பதற்கு நம்பகமான அடையாளம்.

தேடும் முறை

"பள்ளி நூலகம்" என்று மட்டும் தேடினால் மிகக் குறைவாகவே கிடைக்கும். நிதி இல்லை என்று அதற்குப் பொருளல்ல. பள்ளி நூலகத்துக்கான பணம் பெரும்பாலும் வேறு பெயர்களில் பதிவாகிறது: வாசிப்பு ஊக்குவிப்பு, எழுத்தறிவு, தொடக்கக் கல்வி, குழந்தை நலம், சில நேரம் "பொது ஆதரவு" என்று மட்டும். பெற்றவர் பெயரும் குழப்பும். ஒரு பள்ளியின் நூலகத்துக்குப் போன பணம் கல்வி மாவட்டத்தின் பெயரிலோ, பெற்றோர் ஆசிரியர் சங்கத்தின் பெயரிலோ, அந்த மாவட்டத்துக்கென உள்ள கல்வி அறக்கட்டளையின் பெயரிலோ இருக்கலாம்.

ஆகவே நிதி கொடுப்பவரைத் தேடாமல் பெற்றவரைத் தேடுங்கள். உங்கள் பகுதியிலும் சுற்றுவட்டாரத்திலும் உள்ள பள்ளி மாவட்டங்கள், பெற்றோர் சங்கங்கள், பொது நூலகங்களுக்கு உதவும் நண்பர் குழுக்கள் ஆகியவற்றின் பெயர்களை ஒவ்வொன்றாக உள்ளிட்டு, அவர்களுக்குக் கொடுத்தவர் யார் என்று பாருங்கள். இந்த வசதிதான் கேண்டிட்டின் உண்மையான பலம். ஒரே மாதிரிப் பள்ளிக்கு ஒருமுறை கொடுத்தவர் உங்களுக்கும் கொடுக்கலாம். நூலகத்தை நேசிப்பதாகச் சொல்லும் தொலைதூர அறக்கட்டளையைவிட அவரே மேல். அறக்கட்டளைகள் பெரும்பாலும் தாம் இருக்கும் ஊரைச் சுற்றியே கொடுக்கின்றன. எனவே நிலப்பகுதி வடிகட்டியை முதலில் போடுங்கள், பொருள் வடிகட்டியைப் பிறகு போடுங்கள். வரிசையை மாற்றினால் பெயர் பெற்ற பெரிய அறக்கட்டளைகள் மட்டும் முன்னால் வந்து நிற்கும். தனி ஒரு பள்ளிக்கு அவை அநேகமாகத் தருவதில்லை.

பெற்றவரின் தன்மையைச் சொல்லும் பத்தியையும் கவனியுங்கள். பொதுப் பள்ளி அரசு அமைப்பு என்பதால் அங்கே அரசு என்ற குறிப்பு இருக்கும். பட்டியல் முழுவதும் 501(சி)(3) என்ற வரிவிலக்குத் தகுதி பெற்ற தொண்டு அமைப்புகளாகவே இருந்து, அரசு என்ற குறிப்பு ஒன்றுகூட இல்லையென்றால், பள்ளியின் பெயரில் நேரடியாக விண்ணப்பிப்பது உசிதமல்ல. பெற்றோர் சங்கமோ கல்வி அறக்கட்டளையோ அந்தத் தகுதியுடன் இருந்தால் அதன் பெயரில் விண்ணப்பிக்கலாம். அப்படி ஒன்றும் இல்லையென்றால் நிதிப் பொறுப்பேற்கும் வேறு தொண்டு அமைப்பைத் தேட வேண்டும். அவர்கள் தொகையில் ஒரு பங்கைச் சேவைக் கட்டணமாக எடுப்பார்கள். அதை பட்ஜெட்டில் வெளிப்படையாகக் காட்டுங்கள். மறைத்தால் புத்தகத்துக்கென ஒதுக்கிய பணம்தான் குறையும்.

தொகையைப் பொறுத்தவரை, அறக்கட்டளை கொடுத்த மிகப் பெரிய தொகையைப் பார்த்து ஆசைப்படாதீர்கள். சராசரியும் ஏமாற்றும், ஒரு பெரிய தொகை சராசரியைத் தூக்கிவிடும். தொகைகளை ஏறுவரிசையில் அடுக்கி நடுவில் நிற்பது எது என்று பாருங்கள். முதல் முறை கேட்கும் பள்ளி அந்த நடுத்தொகையிலோ அதற்குச் சற்றுக் கீழோ கேட்பது நல்லது.

எங்கே ஏமாற்றும்

தாமதம்தான் முதல் குறை. 990-பி.எஃப். படிவத்தை நிதியாண்டு முடிந்த ஐந்தாம் மாதம் 15-ஆம் தேதிக்குள் தாக்கல் செய்ய வேண்டும். ஆறு மாத நீட்டிப்பு கேட்டாலே கிடைக்கும். டிசம்பரில் ஆண்டை முடிக்கும் அறக்கட்டளையின் படிவம் அடுத்த நவம்பரில்கூட வரலாம், அதற்குப் பிறகுதான் அது தளத்தில் ஏறும். ஆகவே நீங்கள் பார்ப்பது பெரும்பாலும் ஓராண்டுக்கு முந்தைய நிலை, சில நேரம் இரண்டாண்டுக்கு முந்தையது. அறங்காவலர் மாறியிருக்கலாம், நோக்கம் மாறியிருக்கலாம், அறக்கட்டளையே மூடப்பட்டிருக்கலாம்.

இரண்டாவது குறையைப் பலர் அறிவதில்லை. ஊர் மக்களின் நன்கொடையைத் திரட்டி அந்தப் பகுதிக்கே வழங்கும் சமூக அறக்கட்டளைகள் தாக்கல் செய்வது 990-பி.எஃப். அல்ல, சாதாரண 990 படிவம். அதன் நிதியுதவி அட்டவணையில், ஓர் அமைப்புக்கு ஆண்டில் 5,000 டாலருக்கு மேல் கொடுத்திருந்தால்தான் பெயர் வரும். பள்ளி நூலகத்துக்கு வரும் பணமோ 500, 1,000, 3,000 டாலர் என்ற அளவில்தான் பெரும்பாலும் இருக்கும். அவை எந்தத் தேடலிலும் தெரியாது. நிறுவனங்கள் அறக்கட்டளை வழியாக அல்லாமல் விளம்பரக் கணக்கிலிருந்தோ கிளை மேலாளரின் ஒதுக்கீட்டிலிருந்தோ கொடுப்பதும் இந்தப் படிவங்களுக்குள் வராது. அதாவது பள்ளிக்கு மிக எளிதாகக் கிடைக்கக்கூடிய சிறிய உள்ளூர்ப் பணம்தான் இந்தச் சேவையின் கண்ணுக்குப் படாத இடம். அதற்குத் தொலைபேசியை எடுத்துச் சமூக அறக்கட்டளையையும் வங்கிக் கிளையையும் ரோட்டரி, லயன்ஸ் சங்கங்களையும் நேரில் கேட்பதைத் தவிர வேறு வழியில்லை. சந்தா கட்டிய திருப்தியில் இதை விட்டுவிடாதீர்கள்.

இலவசமாகப் பயன்படுத்துவது

கேண்டிட்டுக்குக் கூட்டாளி நூலகங்களின் வலையமைப்பு உண்டு. அங்கே உள்ள கணினியில் முழுத் தேடலையும் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம். கூட்டாளி இடங்களின் பட்டியல் அவர்களது தளத்திலேயே இருக்கிறது. பெரும்பாலானவை பொது நூலகங்கள் என்பதால், அங்கே உதவக்கூடிய நூலகரும் இருப்பார். போவதற்கு முன் பெயர்களைத் தயாராக எழுதிக்கொள்ளுங்கள்: உங்கள் மாவட்டம், பக்கத்து மாவட்டங்கள், பெற்றோர் சங்கங்கள், இரண்டு மூன்று பொருள் சொற்கள், கேட்க நினைக்கும் தொகையின் வரம்பு. தயாரிப்போடு போனால் ஓர் அமர்விலேயே பரிசீலிக்கத்தக்க பட்டியல் கையில் வந்துவிடும். ஒவ்வொரு பெயரின் எதிரிலும் வரி அடையாள எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரே பெயரில் பல குடும்ப அறக்கட்டளைகள் இருக்கும். எண் இருந்தால்தான் வீட்டுக்கு வந்தபின் சரியான படிவத்தைத் திறக்க முடியும்.

அந்த எண்ணைக் கொண்டு மேற்கொண்டு பார்ப்பதற்கு புரோபப்ளிக்கா என்ற செய்தி நிறுவனம் நடத்தும் நான்பிராஃபிட் எக்ஸ்புளோரர் போதும். 2013 முதல் இயங்கும் இலவசத் தளம் இது. மின்னணு முறையில் தாக்கலான படிவங்களின் உள்ளே உள்ள சொற்களையும் தேடலாம். 2019-இல் வந்த சட்டம் மின்னணுத் தாக்கலைக் கட்டாயமாக்கியதால், அதற்குப் பிந்தைய ஆண்டுகளுக்கு இந்தத் தேடல் நன்றாகவே வேலை செய்கிறது. பொருள் வகைப்பாடு இங்கே இல்லை. ஒரு பள்ளி மாவட்டத்தின் பெயரை இட்டால், அந்தப் பெயர் வரும் படிவங்களையெல்லாம் கொண்டுவந்து கொட்டும். உட்கார்ந்து பிரிக்க வேண்டியது நீங்கள். பொறுமை இருப்பவருக்கு கேண்டிட் சந்தாவுக்குப் பதிலாக இதையே தயங்காமல் பரிந்துரைப்போம்.

பிரிட்டனில் உள்ள பள்ளிகளுக்கு 360கிவிங் அமைப்பின் கிராண்ட்நேவ் என்ற தேடல் தளம் இருக்கிறது. கட்டணம் கிடையாது, பதிவு கிடையாது, தேடல் முடிவை அப்படியே விரிதாளாக இறக்கிக்கொள்ளலாம். பயன்படுத்தும் எளிமையில் இது கேண்டிட்டைவிட மேல். ஆனால் தாமாக முன்வந்து தரவைத் திறந்துவைக்கும் அறக்கட்டளைகள் மட்டுமே அதில் உண்டு. சட்டப்படியான படிவங்களின் முழுமை கிடையாது. பழைய பட்டியல்களை நம்பினால் என்ன ஆகும் என்பதற்கும் பிரிட்டனில் ஓர் உதாரணம் உண்டு. பள்ளி நூலகங்களுக்கென்றே தனித் திட்டம் வைத்திருந்த ஃபாயில் ஃபவுண்டேஷன், தன் நிதி முழுவதையும் வழங்கி முடித்து 2025-இல் பணியை நிறைவு செய்ய முடிவெடுத்தது. "பள்ளி நூலக நிதி" என்று அதைச் சுட்டும் பழைய பக்கங்கள் இணையத்தில் அப்படியேதான் கிடக்கின்றன.

டோனர்ஸ்சூஸ் வேறு ரகம். 2000-இல் நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியின் ஓர் ஆசிரியர் தொடங்கியது, அமெரிக்கப் பொதுப் பள்ளிகளுக்கு மட்டும். ஆசிரியரோ பள்ளி நூலகரோ தேவையை எழுதிப் போட்டால் பொதுமக்கள் நன்கொடை தருவார்கள். பணம் பள்ளிக்கு வராது. நிறுவனமே பொருளை வாங்கி அனுப்பும். ஒரு வகுப்புத் தொகுதிக் கதைப் புத்தகங்களுக்கு இது அருமையான வழி. நூலகத்தின் மொத்த நூல் திரட்டையே புதுப்பிக்க இது போதாது.

அரசு மானியங்களுக்கான கிராண்ட்ஸ்.கவ் தளத்தில் தேடுவது எளிது, தகுதி பெறுவதுதான் கடினம். விண்ணப்பிக்கும் அமைப்பு சாம்.கவ் என்ற அரசுப் பதிவுத் தளத்தில் பதிந்து 12 எழுத்துகள் கொண்ட தனி அடையாள எண்ணைப் பெற்றிருக்க வேண்டும். 2022 ஏப்ரலில் பழைய டன்ஸ் எண்ணுக்குப் பதிலாக வந்தது இது. பதிவை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். காலாவதியானது கடைசி வாரத்தில் தெரிந்தால் அந்த ஆண்டு போனதுதான். பள்ளி நூலகத்துக்கு நேரடியாகப் பொருந்தும் மத்திய அரசுத் திட்டம், 2015-ஆம் ஆண்டின் கல்விச் சட்டத்தில் இடம்பெற்ற இன்னொவேட்டிவ் அப்ரோச்சஸ் டு லிட்டரசி. வறுமைக் கோட்டுக்குக் கீழுள்ள குடும்பப் பிள்ளைகள் 20 சதவீதமோ அதற்கு மேலோ உள்ள கல்வி மாவட்டங்கள் அதற்குத் தகுதி பெறும். ஒவ்வோர் ஆண்டும் நாடாளுமன்ற ஒதுக்கீட்டைப் பொறுத்தது என்பதால், அறிவிப்பு வந்திருக்கிறதா என்று பார்த்தபிறகே திட்டமிடுங்கள். இது மாவட்டம் செய்ய வேண்டிய வேலை, தனிப் பள்ளி செய்யக்கூடியது அல்ல.

நூலகங்களுக்குப் பொருந்தும் தனியார் நிதிகளில் இரண்டைக் குறிப்பிட வேண்டும். 2002-இல் தொடங்கிய லாரா புஷ் அறக்கட்டளையின் திட்டம் பள்ளி நூலகப் புத்தகங்களுக்கு மட்டும். அலமாரி, மேசை, மென்பொருள், ஊழியர் சம்பளம் எதற்கும் தராது. எஸ்ரா ஜாக் கீட்ஸ் அறக்கட்டளையின் சிறு நிதி 500 டாலர் வரை. பொதுப் பள்ளிகளும் பொது நூலகங்களும் நடத்தும் புதுமையான செயல்பாடுகளுக்கு. இரண்டுக்கும் ஒரே விண்ணப்பத்தை நகலெடுத்து அனுப்புகிறவர்கள் இரண்டிலும் தோற்பார்கள். முதலாவது திரட்டின் இடைவெளியைக் கேட்கிறது, இரண்டாவது பிள்ளைகள் செய்யப்போவதைக் கேட்கிறது.

அமெரிக்காவுக்கு வெளியே உள்ள பள்ளிகள் கேண்டிட்டில் தேடலாம், ஆனால் ஒன்றை அறிந்திருக்க வேண்டும். தனியார் அறக்கட்டளை வெளிநாட்டு அமைப்புக்குக் கொடுக்க வேண்டுமானால், அந்த அமைப்பு அமெரிக்கத் தொண்டு அமைப்புக்கு நிகரானது என்று சட்ட ஆவணங்களோடு நிறுவ வேண்டும். அல்லது செலவைத் தானே கண்காணித்து அறிக்கை தரும் பொறுப்பை ஏற்க வேண்டும். இரண்டும் செலவு பிடிக்கும் வேலை. ஆகவே சிறு தொகைக்கு முன்வருவோர் மிகக் குறைவு. பெறும் நாட்டின் சட்டமும் உண்டு. இந்தியாவில் 2010-ஆம் ஆண்டின் வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டப்படி, பதிவோ முன் அனுமதியோ இல்லாமல் ஓர் அமைப்பு வெளிநாட்டு நன்கொடையை வாங்க முடியாது. 2020 திருத்தத்துக்குப் பிறகு, ஓர் அமைப்பு வாங்கிய வெளிநாட்டுப் பணத்தை வேறோர் அமைப்புக்கு மாற்றிக் கொடுக்கவும் முடியாது. பணம் வந்தபின் இது தெரியவந்தால் திருப்பி அனுப்புவதே சிரமமாகிவிடும்.

எந்தச் சேவையும் தராதது

பட்டியல் கையில் வந்தபின் விண்ணப்பத்தை நிற்கவைப்பது உங்கள் நூலகத்தின் எண்கள்தான். "எங்கள் நூலகத்தில் புத்தகங்கள் பழையன" என்ற வாக்கியத்தை எல்லாப் பள்ளிகளும் எழுதும். நூலக மென்பொருளிலிருந்து மூன்று அறிக்கைகளை எடுங்கள்: பொருள்வாரியாகப் புத்தக எண்ணிக்கை, ஒவ்வொரு பொருளிலும் சராசரிப் பதிப்பாண்டு, கடந்த இரண்டு கல்வியாண்டுகளில் புத்தகம் வெளியே போன எண்ணிக்கை. கோஹா போன்ற இலவச மென்பொருளிலும் இவற்றை எடுக்கலாம். கணினி இல்லாத நூலகத்தில் வரவுப் பதிவேட்டிலிருந்து ஒவ்வொரு பத்தாவது பதிவையும் எடுத்துக் கணக்கிட்டாலே போதிய துல்லியம் கிடைக்கும். "அறிவியல் பிரிவில் 310 நூல்கள், சராசரிப் பதிப்பாண்டு 1996, கடந்த ஆண்டு வெளியே போனது 22 முறை" என்று மாதிரிக்கு ஒரு வரி இருந்தால், இரண்டு பத்திப் புலம்பல் செய்யாததை அது செய்துவிடும்.

விண்ணப்பிப்பதற்கு முன் பழையனவற்றைக் கழித்துவிடுங்கள். பலர் தயங்குகிறார்கள், எண்ணிக்கை குறைந்து தெரியுமே என்ற பயம். உண்மையில் கழிக்காத திரட்டுதான் விண்ணப்பத்துக்கு எதிரி. 9,000 புத்தகம் இருக்கிறது என்று படிப்பவர், இன்னும் எதற்கு என்று கேட்பார். தவறான தகவல் உள்ளவை, கிழிந்தவை, ஆண்டுக்கணக்கில் யாரும் தொடாதவை போனபின் எஞ்சுவதே உங்கள் உண்மையான இருப்பு. எத்தனை கழித்தோம், ஏன் என்ற ஒற்றை வரி, திரட்டைப் பராமரிக்கத் தெரிந்த நூலகர் இங்கே இருக்கிறார் என்று அறங்காவலருக்குச் சொல்லிவிடும்.

பட்ஜெட்டில் அடிக்கடி நடக்கும் பிழை, புத்தக விலையை மட்டும் போடுவது. அனுப்புச் செலவு, நெகிழி உறை, பார்கோடு, முதுகு ஒட்டுச்சீட்டு, நூற்பட்டியல் பதிவு எல்லாம் செலவுதான். அவற்றை அந்த நிதி ஏற்காது என்றால் யார் ஏற்கிறார்கள் என்று எழுத வேண்டும். நேரமும் அப்படியே. உறையிட்டு, பதிந்து, ஒட்டி, அலமாரியில் ஏற்ற ஒரு புத்தகத்துக்கு 15 நிமிடம் என்று வைத்தால் 400 புத்தகத்துக்கு 100 மணி நேரம். நூலகர் வாரம் இரு நாள் மட்டும் வரும் பள்ளியில் அந்த 100 மணி எங்கிருந்து வரும்? விடை இல்லையென்றால் பெட்டிகள் அடுத்த கல்வியாண்டுவரை பிரிபடாமல் கிடக்கும், அறிக்கை கொடுக்க வேண்டிய தேதி வந்துவிடும். தயார்நிலையில் வரும் நூல்களை விற்பனையாளரிடமே கேட்டு வாங்கலாம். விலைப்பட்டியலில் அதைத் தனி வரியாகப் போடச் சொல்லுங்கள். இடத்தையும் அளந்துகொள்ளுங்கள். ஒரு மீட்டர் தட்டில் சராசரி அளவு நூல்கள் 30 முதல் 35 கொள்ளும், அதிலும் கால் பங்கு காலியாக விட வேண்டும். 400 புத்தகம் கேட்பவர், 16 மீட்டர் தட்டு இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கேட்க வேண்டும்.

வெளி நிதி பள்ளியின் சொந்த ஒதுக்கீட்டுக்கு மாற்று அல்ல என்பதைப் பள்ளி நிர்வாகத்துக்குப் புரியவைப்பதும் நூலகரின் தலையில்தான் விழுகிறது. நிர்வாகம் ஏற்கெனவே ஒதுக்கிவரும் புத்தகப் பணத்தை, வெளியிலிருந்து வருகிறதே என்று நிறுத்தினால், நிதியுதவியால் நூலகத்துக்கு ஒன்றும் கூடவில்லை என்றாகிறது. அரசு மானியங்கள் பலவற்றில் இதற்கு வெளிப்படையான தடை உண்டு. தனியார் அறக்கட்டளைக்கும் இது பிடிக்காது. ஆண்டு ஒதுக்கீடு தொடரும் என்று தலைமை ஆசிரியரோ மாவட்ட அலுவலகமோ கையெழுத்திட்ட கடிதத்தை இணைத்துவிடுங்கள். அது நூலகத்தையும் காப்பாற்றும்.

கையெழுத்து விஷயத்தை முதல் நாளே விசாரியுங்கள். பெரும்பாலான பொதுப் பள்ளிகள் தனிச் சட்ட அமைப்பு அல்ல. ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் அதிகாரம் மாவட்டத்துக்கோ கல்விக் குழுவுக்கோதான் இருக்கும். குழு மாதம் ஒருமுறை கூடும் என்றால், கூட்டத்துக்கு முன்பே பொருள் நிரலில் சேர்க்க வேண்டும். இதனாலேயே தகுதியான விண்ணப்பங்கள் தேதி தவறிப் போகின்றன.

அறக்கட்டளைகள் விண்ணப்பம் பெறப் பயன்படுத்தும் ஃபவுண்டன்ட், சப்மிட்டபிள் போன்ற தளங்களின் இணையப் படிவங்களில் எழுத்து எண்ணிக்கைக்கு வரம்பு உண்டு. இடைவெளிகளும் கணக்கில் சேரும். எல்லாக் கேள்விகளையும் முதலில் நகலெடுத்து வெளியே எழுதி, எண்ணிப் பார்த்து, பிறகு ஒட்டுங்கள். நேரடியாகப் படிவத்தில் எழுதினால், பக்கம் காலாவதியாகும்போது எழுதியது போய்விடும். கடைசி நேரம் எந்த நேர மண்டலத்துக்குரியது என்பதையும் பாருங்கள். நீண்ட விண்ணப்பத்துக்கு முன் ஒரு பக்க விசாரணைக் கடிதம் கேட்கும் அறக்கட்டளைகளை விரும்பித் தேர்ந்தெடுங்கள். மறுப்பு வந்தாலும் இழப்பு ஒரு பக்கம்தான்.

"கிடைத்தால் இத்தனை சதவீதம் கொடுங்கள்" என்று விண்ணப்பம் எழுதித்தர முன்வருவோரைத் தவிருங்கள். நிதி திரட்டுவோருக்கான தொழில்முறைச் சங்கமான அசோசியேஷன் ஆஃப் ஃபண்ட்ரைசிங் புரொஃபஷனல்ஸ் தன் நெறிமுறையில் சதவீதக் கூலியைத் தடைசெய்கிறது. அறக்கட்டளை புத்தகத்துக்கென்று கொடுத்த பணத்திலிருந்து அந்தச் சதவீதத்தை எடுக்கவும் முடியாது. உதவி தேவையென்றால் மணிக்கணக்கிலோ வேலைக்கணக்கிலோ கூலி பேசிக்கொள்ளுங்கள்.

நிதி கிடைத்துவிட்டால் ஒப்புதல் கடிதத்தில் உள்ள நிபந்தனைகளை ஒரு தாளில் எடுத்தெழுதி, வரவுப் பதிவேட்டின் முகப்பிலேயே ஒட்டிவையுங்கள். அந்தப் பணத்தில் வாங்கிய ஒவ்வொரு நூலின் பதிவிலும் நிதியின் பெயரைக் குறியுங்கள். ஆண்டு இறுதியில் எத்தனை வாங்கினோம், எத்தனை முறை வெளியே போயின என்ற அறிக்கை ஒரே சொடுக்கில் வந்துவிடும். பட்டியலிட்ட நூல் அச்சில் இல்லையென்று வேறொன்றை வாங்க நேர்ந்தாலோ, பணம் மிஞ்சினாலோ, செலவழிப்பதற்கு முன் எழுத்தில் அனுமதி கேளுங்கள். பெரும்பாலும் ஒப்புக்கொள்வார்கள். கேட்காமல் செய்த மாற்றம் அறிக்கையில் தெரியவரும்போது அடுத்த விண்ணப்பத்துக்கான கதவு அடைபட்டுவிடும்.